எத்தனை பேரை அனுப்பலாம்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கல்லூரி மாணவர்களின் சமூகப் பணிக்கும் மதிப்பெண் தர வேண்டும் என்று தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். எனக்குப் பார்வை இல்லை. பார்வையற்ற மாணவர்களுக்காகப் பாடநூல்களை ஒலிப்பதிவு செய்யும் சிறு தொண்டு அமைப்பில், பதிவுகளைக் கேட்டுப் பிழை பார்ப்பது என் வேலை. மாணவர்கள் எங்கே வந்து சேர்கிறார்களோ, அந்தப் பக்கத்திலிருந்து சில வார்த்தைகள்.

பருவத்தேர்வுக்கு முந்தைய வாரம்தான் எங்களிடம் கூட்டம் அலைமோதும். நேரக் கணக்குத் தாளோடு இருபது முப்பது பேர் வருவார்கள். பதிவு அறையோ ஒன்றே ஒன்று. ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் வெளியே கைப்பேசியும் கையுமாக உட்கார்ந்திருப்பார்கள். மாலையில் எல்லோருக்கும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவோம். போடாவிட்டால் பிள்ளைகள் பாடு திண்டாட்டம் என்ற இரக்கம். இதில் எங்கள் மீதும் தவறு உண்டு.

சென்ற பருவத்தில் ஒரு மாணவர் இயற்பியல் பாடம் வாசித்தார். நல்ல குரல். "கீழே உள்ள படத்தைப் பார்க்கவும்" என்று வாசித்துவிட்டு அடுத்த பத்திக்குத் தாவினார். நிறுத்தச் சொல்லி, படத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டேன்.

"ஒரு கோடு மேலே ஏறுகிறது சார். பிறகு படுக்கையாகப் போகிறது."

"படுக்கையாகப் போனால்?"

"வண்டி நின்றுவிட்டது."

அது திசைவேகம்–காலம் வரைபடம். அதில் கோடு படுக்கையாகப் போனால் வண்டி நிற்கவில்லை, மாறாத வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. பொறியியல் படிக்கும் பிள்ளை. சற்று நேரம் பேச்சே இல்லை. பிறகு எந்த அச்சில் என்ன, கோடு எங்கே தொடங்கி எங்கே திரும்புகிறது என்று தாளில் எழுதிவைத்துக்கொண்டு மூன்று முறை பதிவு செய்தார். ஒரே படத்துக்கு முக்கால் மணி நேரம். அவருடைய நேரக் கணக்குத் தாளில் இதை எழுத இடமில்லை. 'செய்த பணி', 'நேரம்' என்று இரண்டே கட்டங்கள்.

சமூகப் பணி செய்து அதன் வழியாகவே பாடமும் கற்பதைச் சேவைவழிக் கற்றல் என்கிறார்கள். அதற்கு 1979-இல் மூன்று நெறிகளை வகுத்த அமெரிக்கர் ராபர்ட் சிக்மன், என்ன பணி தேவை என்பது பணியைப் பெறுகிறவர்கள் கையில் இருக்க வேண்டும் என்பதையே முதலில் வைத்தார். எங்களிடம் கல்லூரிகள் கேட்பதெல்லாம் "எத்தனை பேரை அனுப்பலாம்?" என்பது மட்டும்தான்.

இருவர் போதும், ஆனால் பருவம் முழுவதும் வர வேண்டும். தொடக்கத்திலேயே அவர்களுடைய பேராசிரியர் ஒருநாள் வந்து, எங்கள் பதிவுகளைக் கொஞ்சம் காது கொடுத்துக் கேட்க வேண்டும். அந்தத் தாளில் 'எங்கே தடுமாறினீர்கள்?' என்று மூன்றாவதாக ஒரு கட்டம் போட்டால் இன்னும் நல்லது.

அந்த மாணவருக்குத் தேவையான மணிநேரம் சேர்ந்துவிட்டது. பிறகு வரவில்லை, குறை சொல்லவும் மனம் வரவில்லை. அதே பாடத்தில் இன்னும் ஐந்து படங்கள் இருக்கின்றன. ஐந்து இடத்திலும் "கீழே உள்ள படத்தைப் பார்க்கவும்" என்பதோடு பதிவு தாண்டிப் போகிறது.

இப்படிக்கு,
ஒலிப்பதிவில் பிழை பார்க்கும் வாசகர்