அக்காவுக்கு: அந்த ஊசியைப் பற்றியும் மற்றதைப் பற்றியும்

அன்புள்ள அக்கா,

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஊருக்குப் போகிறவர்கள் தங்கள் நாயை விட்டுவிட்டுப் போகிற நம் கென்னலில் இனிப் புதிய நாய்களைச் சேர்ப்பதில்லை. இப்போது வந்து போகிற நாய்கள் மட்டும், அவை இருக்கிற வரைக்கும். அவற்றில் பாதிக்கு மேல் முகம் நரைத்தவை. கிரேட் டேன் மாதிரிப் பெரிய உடம்புக்காரர்கள் 8 வயதைத் தாண்டினாலே பெரிய விஷயம், சின்ன இனங்கள் 14, 15 வரை தாக்குப்பிடிக்கும். ஆக, கூண்டுகள் ஒவ்வொன்றாகக் காலியாகிக்கொண்டே வந்து ஒரு நாள் எல்லாம் காலியாகிவிடும். நீ மூடச் சொன்னாய். நான் மூடவில்லை. ஆனால் உன் பேச்சைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை என்று இனி நீ சொல்ல முடியாது.

இதை ஏன் ஊர் பார்க்க எழுதுகிறாய் என்று கோபப்படுவாய். ஃபோனில் பேசினால் நலம் விசாரித்து முடிப்பதற்குள் சண்டை வந்துவிடுகிறது. அதோடு, அப்பா இறந்த அன்று நான் நாய்க்கு ஊட்டி ஊசி போட்டுக்கொண்டிருந்தேன் என்று குடும்பக் குழுவில் நீ போட்டதை எல்லோரும் படித்தார்கள், என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமலே தலையாட்டினார்கள். என் பக்கத்தை நானும் எங்கேயாவது எழுதித்தானே ஆக வேண்டும். இங்கே நம் வாடிக்கையாளர்களும் படிப்பார்கள் என்பதால் சிலவற்றைத் தொட்டும் தொடாமலும்தான் சொல்லப்போகிறேன். உனக்கு விளக்கம் தேவைப்படாது.

அடுத்த வாரம் அப்பாவுக்கு வருடம் திரும்புகிறது. அன்று காலை நடந்ததை நான் எழுத வேண்டியதில்லை. நீ எல்லோரிடமும் சொன்னது சாயங்காலம் நடந்ததைத்தான்.

லீவு நேரம். எல்லாக் கூண்டும் நிறைந்திருந்தது. விஷயம் கேள்விப்பட்டு, பக்கத்தில் இருந்தவர்கள் வந்து கூட்டிப்போனார்கள். மீதி 16 நாய்களின் வீட்டுக்காரர்கள் எங்கெங்கோ தூரத்தில் இருந்தார்கள், சிலருக்கு ஃபோனே போகவில்லை. காலையிலிருந்து முன்பின் தெரியாத ஆட்கள் வேலியோரமாகப் போவதும் வருவதுமாக இருந்ததில் குரைத்துக் குரைத்து எல்லாம் தொண்டை கட்டிப்போய்க் கிடந்தன.

ஜூலி மட்டும் குரைக்கவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். ஒன்பது வயது லேப்ரடார், சர்க்கரை. 12 மணி நேரத்துக்கு ஒரு ஊசி, அதுவும் சாப்பிட்ட பிறகுதான். அவளுக்குத் தட்டு வைப்பது எப்போதும் அப்பா. அன்று நான் வைத்தேன், முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. சரி என்று அப்பா செய்கிற மாதிரியே செய்து பார்த்தேன். அவளுக்கு முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்து, கையில் கொஞ்சம் எடுத்துப் பக்கத்தில் வைத்துவிட்டு வேறெங்கோ பார்ப்பது. நேருக்கு நேர் முறைத்துக்கொண்டு சாப்பிடு சாப்பிடு என்றால் பயந்த நாய் சாப்பிடாது. வெகு நேரம் கழித்து என் முழங்கையில் மூச்சு சுட்டது. ஒரு வாய் எடுத்தாள். அப்புறம் இன்னொரு வாய். தட்டு காலியானதும் இன்சுலின் பாட்டிலைக் குலுக்காமல் உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டி, மருந்தை இழுத்து, தோளுக்கு மேலே தோலைக் கிள்ளித் தூக்கி ஊசியை இறக்கினேன். அப்போதுதான் நீ வந்து நின்றாய்.

"ஊரே உன்னைத் தேடுது, நீ நாய்க்கு ஊட்டிக்கிட்டு இருக்கியா?"

உன் பின்னால் பெரியப்பா வீட்டார் நின்றார்கள். எழுந்திருக்கப் போனவன் அவர்கள் முகத்தைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. ஊசிக்கு மூடி போட்டு, நோட்டை எடுத்து நேரத்தையும் அளவையும் எழுதினேன். அப்பா கிடக்கும்போது இவன் கணக்கு எழுதுகிறான் என்று அதையும் நீ சொல்லிக் காட்டினாய். அது கணக்கு இல்லை அக்கா. எழுதாமல் விட்டால் இன்னொருவர் வந்து இரண்டாவது தடவை போட்டுவிடுவார். அந்த நோட்டுக்குக் கோடு போட்டுக் கொடுத்ததே நீதான், ஸ்கேலை வைத்து, பக்கம் பக்கமாக.

அப்புறம் குழுவில் எழுதினாயே, ஒரு வேளை ஊசி தவறினால் நாய் செத்துவிடாது, டாக்டரிடமே கேட்டேன் என்று. உன் டாக்டர் சொன்னது சரி. சாப்பிடாத நாய்க்கு முழு ஊசியைப் போடுவதுதான் ஆபத்து. சர்க்கரை கிடுகிடுவென்று இறங்கி வலிப்பு வந்துவிடும். ஒரு வேளை தவறுவதை மறுநாள் சமாளித்துக்கொள்ளலாம். எனக்கு அது அன்றைக்கும் தெரியும்.

தெரிந்துதான் உட்கார்ந்தேன். காலையிலிருந்து யார் யாரோ என்னிடம் என்ன என்னவோ கேட்டுக்கொண்டே இருந்தார்கள். எத்தனை மணிக்கு, யாருக்குச் சொன்னாய், யாருக்குச் சொல்லவில்லை, வண்டி வந்ததா. அந்தக் கூண்டுக்குள் யாரும் எதுவும் கேட்கவில்லை. வேண்டுமானால் இதையும் குழுவில் போட்டுக்கொள்.

உன்னை அத்தனை பேர் நடுவில் தனியாகப் பதில் சொல்ல விட்டதற்கு வருத்தம் இருக்கிறது. நிஜமாகவே இருக்கிறது. ஊசி போட்டதற்கு இல்லை. இந்த இரண்டையும் நீ பிரித்துப் பார்க்கவே மாட்டேன் என்கிறாய், அதனால்தான் இந்த ஒரு வருடமாக என்னால் முதலாவதையும் சொல்ல முடியவில்லை.

ஜூலியின் வீட்டார் இதைப் படிக்கக்கூடும். அவர்களுக்கு அன்று நான் எதுவும் சொல்லவில்லை. வழக்கம்போலப் படம் அனுப்பச் சொல்லிக் கேட்டிருந்தார்கள். பின்னால் போட்டிருந்த நாற்காலிகள் தெரியாதபடி கீழே குனிந்து அவள் முகத்தை மட்டும் எடுத்து, "சாப்பிட்டாள், ஊசி போட்டாயிற்று" என்று அனுப்பினேன். இதயம் போட்டுப் பதில் வந்தது. அவர்கள் மேல் ஒன்றும் இல்லை. நாயை விட்டுவிட்டு நிம்மதியாக இருப்பதற்குத்தானே நம்மிடம் பணம் கொடுக்கிறார்கள்.

எல்லோருக்கும் லீவு என்றால் நமக்கு வேலை. இதை நான் உனக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. உன் கல்யாணத்தன்று நடுவில் அப்பா வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து போனதை இன்னும் மறக்காமல் வைத்திருக்கிறாய். அன்றைக்கு நாய்களைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருந்தது யார் என்பது மட்டும் உனக்கு ஞாபகம் வருவதில்லை. உன் கல்யாணத்தைப் பாதிக்கு மேல் நான் ஃபோட்டோவில்தான் பார்த்தேன். மாமா அதற்கு அப்புறம் ஒரு முறை கென்னலைப் பற்றிச் சொன்னதை இங்கே எழுதப்போவதில்லை. அவரும் படிப்பார்.

ஆனால் அவர் நினைப்பதுபோல இது நாயோடு விளையாடிக்கொண்டு காலம் தள்ளுகிற வேலை இல்லை என்பது உனக்காவது தெரியும். காலையில் முதலில் நாயை வெளி அடைப்புக்கு மாற்றி, கழிவை அள்ளி, சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவி, அதற்குப் பிறகுதான் ப்ளீச். ஒரு பங்கு ப்ளீச்சுக்கு 32 பங்கு தண்ணீர், 10 நிமிடம் ஈரம் காயாமல் நிற்க வேண்டும், பிறகு அலசி, துடைத்து, காய விட வேண்டும். அழுக்கின் மேலேயே ஊற்றினால் ப்ளீச் வேலை செய்யாது. அவசரத்துக்கு நீ அப்படி ஊற்றிவிட்டு அப்பாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாய். இவ்வளவும் நாய்க்குட்டிகளைக் கொல்லும் பார்வோ என்ற வைரஸுக்குப் பயந்துதான். அது 1978இல்தான் உலகம் முழுக்கத் தலை காட்டியது. ஆனால் தரையில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும் பிடிவாதத்தைப் பார்த்தால் ஆதிகாலத்திலிருந்து இருக்கிற மாதிரி இருக்கும். 16 வாரத்துக்குப் பிறகு போடுகிற கடைசித் தடுப்பூசியைப் போட்டுக்கொள்ளாத குட்டியை அப்பா வாசலோடு திருப்பி அனுப்புவார். பெரிய மனிதர்கள் சிபாரிசோடு வந்தாலும் அதே பதில்தான். அதனால் நமக்கு எத்தனை பேருடைய பகை.

உண்ணிகளை விட்டுவிட்டேன். அவற்றைப் பற்றி எழுதினால் இந்தக் கடிதம் முடியாது. பழுப்பு உண்ணி நாய் மேல் இருப்பதைவிடச் சுவர் விரிசலில் இருப்பதுதான் அதிகம், கீழே தேடாதே, மேலே தேடு என்று நீ எனக்குச் சொன்னது, டார்ச்சை மேல் மூலையில் அடித்துக் காட்டி. ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டை போடும் என்று கேட்டு அன்று ராத்திரி நான் தூங்கவில்லை.

உனக்கு இருந்த காது எனக்கு இல்லை அக்கா. ஐந்தாவது கூண்டு நாய் இருமியதை அப்பா தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கிறது என்றார். வாத்து கத்துகிற மாதிரி வறட்டு இருமல், கடைசியில் கொஞ்சம் நுரை. "இல்லப்பா, இது கென்னல் காஃப்" என்று, நாய்க்கு நாய் தொற்றுகிற இருமலின் பெயரைச் சொல்லி, பள்ளிக்கூடச் சீருடையைக்கூட மாற்றாமல் நீயே அதைக் கடைசி அறைக்கு இழுத்துப்போய்க் கட்டினாய். தடுப்பூசி போட்டிருந்த நாய்தான், போட்டாலும் சிலதுக்கு வரும். ஒட்டிய பிறகு இருமல் வெளியே தெரிய 2 நாளும் ஆகலாம், 14 நாளும் ஆகலாம் என்பதால் அப்பா புது வரவை நிறுத்தினார். அந்த அறைக்குத் தனி வாளி, தனித் துடைப்பம், எல்லா வேலையும் முடிந்த பிறகு கடைசியாகத்தான் அங்கே போக வேண்டும் என்ற சட்டம் உன்னுடையது. இன்னும் அப்படித்தான் நடக்கிறது. வாளியில் நீ பெயின்ட்டால் எழுதிய எழுத்து மங்கிப்போனபோது அப்பா அதன் மேலேயே இன்னொரு முறை எழுதினார்.

அப்படிப்பட்டவள் படிப்பு முடிந்ததும் திரும்பிப் பார்க்காமல் போனாய். போனது தப்பு என்று நான் சொல்லவே இல்லை. யாராவது ஒருவர் போகலாம், ஒருவர் இருக்க வேண்டும். யார் இருப்பது என்று யாரும் என்னிடம் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

சரி, ஏன் இப்போது இந்த முடிவு என்று சொல்கிறேன். நீ நினைப்பதுபோல அலுத்துப்போய் இல்லை. இது இரண்டு பேர் வேலை. பகலில் ஆள் வைத்துக்கொள்ளலாம், வைத்திருக்கிறேன். ராத்திரிக்கு வீட்டு ஆள் இரண்டு பேர் வேண்டும். அந்தக் கிரேட் டேன் உனக்குத் தெரியாது, நீ போன பிறகு வந்தவன். நள்ளிரவில் அப்பா என்னை உலுக்கி எழுப்பினார். அவன் நின்றுகொண்டே ஓங்கரித்தான், ஒன்றும் வரவில்லை, வயிறு உப்பி, தட்டினால் டமடம என்றது. மார்புக்கூடு ஆழமான நாய்களுக்கு இப்படி இரைப்பை காற்றால் ஊதி முறுக்கிக்கொள்ளும். அறுவைசிகிச்சை செய்தால்தான் பிழைக்கும், அதுவும் சில மணி நேரத்துக்குள். நான் வண்டியை எடுத்தேன், அப்பா மற்ற நாய்களோடு இருந்தார். பிழைத்தான். இப்போது அதே மாதிரி ஒன்று நடந்தால் நான் வண்டியை எடுப்பேனா, கூண்டுகளோடு இருப்பேனா? அம்மாவால் முழங்காலை வைத்துக்கொண்டு ராத்திரியில் படி இறங்க முடியாது. உனக்கு ஃபோன் செய்தால் நீ என்ன செய்வாய், மூடு என்பாய்.

அதனால் குறைத்துக்கொள்கிறேன். பழக்கமான நாய் என்றால் எது எப்படிப் படுக்கும், எது முதல் நாள் சாப்பிடாது, எது இடிக்குப் பயந்து கதவைப் பிராண்டும் என்று எனக்குத் தெரியும். ஏதாவது கோளாறு என்றால் சீக்கிரம் கண்ணில் படும். புதிய நாயை அப்படிப் படித்துக்கொள்ள இரண்டு ஜோடிக் கண் வேண்டும். புதிதாக விசாரிக்கிறவர்கள் மன்னிக்கவும், இனி அழைக்க வேண்டாம். பழைய வாடிக்கையாளர்கள் பயப்பட வேண்டாம், உங்களுக்கு எதுவும் மாறவில்லை.

நீ பேசிக்கொண்டிருக்கும்போதே ஃபோனை வைத்துவிடுகிறேன் என்று அம்மாவிடம் குறை சொன்னாயாம். கென்னலில் எல்லாம் சேர்ந்து குரைத்தால் சத்தம் 100 டெசிபலைத் தாண்டும். 85க்கு மேல் நாள் முழுக்க இருந்தாலே காதுக்குக் கேடு. அப்பாவுக்குக் கடைசியில் ஏன் எல்லோரும் கத்திப் பேச வேண்டியிருந்தது என்று நினைக்கிறாய்? எனக்கும் இடது காதில் ராத்திரியில் ஊய் என்று ஒரு சத்தம் வர ஆரம்பித்திருக்கிறது. இப்போது காதடைப்பான் போட்டுக்கொள்கிறேன். சில சமயம் நிஜமாகவே நீ பேசுவது கேட்பதில்லை. சில சமயம் கேட்டும்தான் வைக்கிறேன், அதையும் ஒத்துக்கொள்கிறேன்.

நிலத்தைப் பற்றி இங்கே வேண்டாம். ஒன்று மட்டும் சொல்கிறேன்: உன் பங்கை நான் ஒருநாளும் மறுக்கவில்லை. கூண்டுகள் இருக்கும் பகுதியைத் தனியாகக் காட்டி எழுதச் சொல், மறுபேச்சுப் பேசாமல் கையெழுத்துப் போடுகிறேன். பெரியப்பாவை நடுவில் விட வேண்டாம்.

அடுத்த வாரம் வந்தால் தங்கு. உடனே கிளம்புவதாக இருந்தால் அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடு, வந்த பிறகு சொன்னால் தாங்கமாட்டார்கள். ஜூலி அன்றைக்கு இங்கேதான் இருப்பாள், புக்கிங் ஆகிவிட்டது. உனக்கு அவளைப் பார்க்கப் பிடிக்காது என்றால் அந்தப் பக்கம் வர வேண்டாம்.

அம்மாவைக் காலையில் கூப்பிடாதே, கழுவுகிற நேரம், ஒன்றும் கேட்காது. சாயங்காலம் கூப்பிடு. ஃபோனை அம்மா கையில் கொடுத்துவிட்டு நான் வெளியே போய்விடுகிறேன்.

உன் தம்பி