பாட்டி வீட்டு உத்தரம்

யாங்ஜோ

அன்புள்ள மகளுக்கு,

இங்கே நாங்கள் இருவரும் நலம். உன் புது வீட்டின் படங்களை அம்மா அண்டை வீட்டாருக்கெல்லாம் காட்டிவிட்டாள். ஜன்னல் பெரியது, வெளிச்சம் நன்றாக வருகிறது. மேசைக்கு மேலே சுவரில் ஆணி மட்டும் தெரிந்தது. உன் ஏழு தந்தி வாத்தியமான குச்சினை உள்ளறையில் வைத்திருப்பாய் என்று நினைக்கிறேன். பெய்ஜிங்கில் நவம்பர் 15 முதல் வீடுகளைச் சூடாக்கத் தொடங்கிவிடுவார்கள். அந்த வறண்ட காற்றில் ஒட்டு விட்டுப்போகும், பலகை வெடிக்கும். ஆகவே ஹீட்டருக்கு அருகில் மட்டும் வைக்காதே.

பாட்டி வீட்டை இடித்தபோது விறகுக்குப் போகவிருந்த உத்தரத்தைச் சென்ற மாதம் புதுக் குச்சின் ஒன்றுக்காக அறுத்தேன். பாட்டி உப்பிட்ட இறைச்சியைத் தொங்கவிடுவாளே, அந்தக் கொக்கி இருந்த உத்தரம். வெளியே அடுப்புப் புகையேறிக் கரியாக இருந்தது. இழைப்புளி நாலு முறை ஓடியதும் உள்ளே தேன் நிறம். புது மரம் ஈரத்தையும் பிசினையும் வைத்துக்கொண்டு ஒலியை அமுக்கும். இது காய்ந்து இலேசாகி, விரலால் தட்டினாலே பதில் சொல்கிறது. கொக்கித் துளையை அதே மரத்தின் துண்டால், நார் ஓட்டம் பிசகாமல் அடைத்துவிட்டேன். அடிப்பலகைக்குப் பழைய கட்டால்பா மரக் கதவு ஒன்று கிடைத்தது.

மேற்பலகையின் உட்புறத்தைத் தட்டித் தட்டிக் குடைந்துகொண்டு வந்தவன், நடுவில் நிறுத்திவிட்டேன். இன்னும் ஒரு சீவல் எடுக்கலாமா, கூடாதா என்று என் காதுக்குத் தெரியவில்லை. ஹான் காலத்து இசையறிஞர் சாய் யோங், எரிகிற அடுப்பில் பௌலோனியாக் கட்டை வெடித்த ஓசையைக் கேட்டே அதை இழுத்தெடுத்துக் குச்சின் செய்தார் என்ற கதையைச் சொல்லி, அந்தக் காது என் மகளுக்கு இருக்கிறது என்று ஊரெல்லாம் பெருமை பேசியவன் நான். அப்படிப்பட்ட காதை வைத்துக்கொண்டு மூன்று மாதமாக ஒரு முறைகூட நீ அழைக்கவில்லை. வேலை அதிகம் என்று அம்மா சொல்கிறாள். இருக்கலாம்.

பலகைகளை ஒட்டிய பிறகு அரக்கு மரத்துப் பாலில் மான் கொம்புத் தூளைக் குழைத்துப் பூச வேண்டும். அரக்கு டப்பாவைக் கையில் எடுத்தாலே உன் கைகள்தான் நினைவுக்கு வருகின்றன. பன்னிரண்டு வயதில் அந்தப் பால் பட்டு முழங்கைவரை கொப்புளித்து, கண் திறக்க முடியாமல் நின்றாய். எனக்குப் பழகியதுபோல் உனக்கும் பழகிவிடும் என்று சொல்லி, மறுநாள் காலையிலும் உன் கையில் உப்புத்தாளைக் கொடுத்தேன். அம்மாதான் உன்னை மருத்துவரிடம் அழைத்துப் போனாள். வாங்குகிறவர் காத்திருக்கிறார் என்று நான் பட்டறையிலேயே இருந்துவிட்டேன். அதன் பிறகு நீ பட்டறைக்குள் கால் வைக்கவில்லை. உனக்குச் சோம்பல் என்று உறவினரிடம் சொன்னேன். அது சோம்பல் இல்லை என்று அன்றைக்கே எனக்குத் தெரியும், மகளே. தெரிந்தேதான் சொன்னேன்.

வசந்த விழாவுக்கு வருவாயா? அதுவரை பலகைகளை ஒட்டாமல் வைத்திருக்கிறேன். நீ தட்டிப் பார்த்துச் சொன்னால் போதும். வேறு எதையும் தொட வேண்டாம். நீ ஊரில் இருக்கும் நாட்களில் அரக்கு டப்பாவைத் திறக்கமாட்டேன்.

குச்சின் எந்த அறையில் இருந்தாலும் ஹீட்டரிலிருந்து தள்ளியே வை.

அப்பா