இரவைப் பார்த்து வெளியே வை

அன்பு மகளுக்கு,

வீட்டுக்குள் வளர்க்கும் மரப்பெரணிக் கன்றை, அதாவது மரம்போலத் தண்டு வளரும் பெரணிச் செடியை (tree fern), எப்போது வெளியே வைக்கலாம் என்று கேட்டிருந்தாய். போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும், அதனால்தான் எழுதுகிறேன்.

பெயர் அட்டை தொலைந்துவிட்டது என்றாயே, முதலில் அதைத் தீர்த்துக்கொள். மரப்பெரணியில் பல வகை உண்டு. விரியாத இளம் ஓலைச் சுருளைக் கிட்டத்தில் பார். பழுப்பு நிறத்தில் மெத்தென்று முடி மூடியிருந்தால் டிக்சோனியா என்ற வகை. முடிக்குப் பதிலாகத் தட்டையான செதில்கள் இருந்தால் சயாத்தியா என்ற வகை. கூப்பரி வகைச் சயாத்தியாவாக இருந்தால் குளிரை இன்னும் குறைவாகத்தான் தாங்கும்.

பகல் வெயிலை நம்பாதே, இரவைப் பார். உறைபனிக் காலம் முழுக்க முடியட்டும். அப்புறமும் இரவில் 10 டிகிரிக்குக் கீழே இறங்காத நாட்கள் தொடர்ந்து வரட்டும், அதுதான் என் கணக்கு. டிக்சோனியாவில் அண்டார்டிகா என்ற இனம் உறைநிலைக்குக் கீழே 5 டிகிரியையும் தாங்கும் என்பார்கள். அது ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியத் தீவுக் காட்டில் நிற்பது போலத் தண்டு கட்டிய மரத்துக்குச் சரி. உன்னுடையதற்கு இன்னும் தண்டே வரவில்லை. நடுவில் இருக்கிற ஒரே குருத்துதான் அதற்கு உயிர். அது போனால் பக்கத்திலிருந்து இன்னொன்று துளிர்க்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

நீ சின்னப் பெண்ணாக இருந்தபோது, வீட்டுக்குள் வளர்ந்த ஒரு கன்றை ஒரே நாளில் வெயிலில் கொண்டுபோய் வைத்துவிட்டேன். சாயங்காலம் தொட்டால் ஓலை நுனியெல்லாம் தீய்ந்த காகிதமாக உதிர்ந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. குருத்து தப்பியதால் செடி பிழைத்தது, ஆனால் தேறுவதற்கு மாதக்கணக்கில் ஆனது.

அதனால் மேகமூட்டமான ஒரு நாளில் ஆரம்பி. முதலில் ஒரு மணி நேரம், காற்று அடிக்காத நிழலில். பிறகு நேரத்தைக் கூட்டிக்கொண்டே போ. இரண்டு வாரம் கழித்து இரவிலும் விடலாம். மண் ஒருநாளும் காயக்கூடாது. காற்று உலர்ந்திருந்தால் ஓலை மேல் தண்ணீர் தெளி, ஆனால் குளிர் நாளில் குருத்துக்குள் தண்ணீர் தேங்க விடாதே.

வீட்டுக்குள் விரிந்த ஓலைகள் கொஞ்சம் வெளுக்கும், பதறாதே. வெளியே வந்தபின் விரிகிற சுருள் அந்த வெளிச்சத்துக்கே பழகி வரும்.

தரையில் நட அவசரப்படாதே. தண்டு ஓர் அடியாவது வளரும்வரை தொட்டியிலேயே இருக்கட்டும். வருஷத்துக்கு ஓர் அங்குலமோ இரண்டோதான் வளரும், அதுவரை ஒவ்வொரு குளிர்காலமும் உள்ளே தூக்கி வைக்க வேண்டியதுதான்.

சுருளில் இருப்பது முடியா செதிலா என்று பார்த்து எழுது.

அன்புடன்,
அப்பா