மேசை வாளில் செங்குத்துச் சரிவு

ஆசிரியருக்கு,

கொக்குவிலில் 31 வருடமாகக் கதவு, யன்னல் செய்யும் ஓடாவி நான். போன கிழமை ஒரு பட்டறையில் பதினெட்டு வயதுப் பெடியன் வேப்பம்பலகையைக் குத்தென நிறுத்தி, வெறுங்கையால் பிடித்து மேசை வாளில், அதாவது மேசைத் துவாரத்தால் மேலே நீட்டிச் சுழலும் வட்ட வாளில், அதன் விளிம்பைச் சரிவாக வெட்டிக்கொண்டிருந்தான். பதறிப்போய் மெயின் சுவிட்சை நிறுத்தினேன். என் இடது பெருவிரல் நுனி போனதும் இதே வேலையில்தான்.

மேசை வாளின் பிளேட் வழக்கமாக 45 பாகைக்கு மேல் சரியாது. 60 பாகைச் சரிவு வேண்டுமென்றால் பிளேட்டை 30 பாகைக்குச் சரித்து, பலகையை நிறுத்தித்தான் தள்ளவேண்டும். அப்போது பலகை நிற்பது தன் தடிப்பின் மேல் மட்டும். ஓர் அங்குலப் பலகைக்கு ஓர் அங்குலம்தான் கால். மேலே கொஞ்சம் ஆடினாலும் பல் கௌவி, பலகையைத் தள்ளுகிறவன் மேலேயே எறியும்.

பலகையை ஒட்டித் தள்ளும் பக்கத் தடுப்பில் ஓரடி உயரப் பிளைவூட்டை முடுக்குங்கள். அதை ஒட்டி ஓடும் தாங்கி ஒன்று செய்து, பலகையை அதில் கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். பிளேட் தடுப்பை விட்டு விலகியே சரியவேண்டும். தடுப்புப் பக்கம் சரிந்தால் வெட்டுண்ட ஆப்புத்துண்டு இடையில் சிக்கிப் பின்னால் பாயும். பிளேட் வரும் துவாரம் அகலமென்றால் பலகை விளிம்பு உள்ளே இறங்கிவிடும், அதற்கு ஒடுக்கமான வாயுள்ள மூடி வேண்டும். கையுறை வேண்டவே வேண்டாம், பிளேட் அதோடு கையையும் இழுக்கும்.

பட்டறை முதலாளிமாரே, தாங்கி செய்ய அரை நாள் போதும். அந்தப் பெடியனுக்கு நானே ஒன்று செய்து கொடுத்துவிட்டேன்.

ஓர் ஓடாவி,
கொக்குவில்.