உன் கொல்லைக் குளமும் என் நீல விளக்கும்

அன்புள்ள சேகர்,

நீ அனுப்பிய படம் வந்தது. முதலில் யாரோ உன் கொல்லையில் பச்சைப் பெயின்ட் டப்பாவைக் கவிழ்த்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். ஓரத்தில் துவைக்கிற கல்லைப் பார்த்த பிறகுதான், அட, இது போன தையில் வெட்டிய குளமாயிற்றே என்று புரிந்தது. "பச்சைத் தண்ணி தெளிய யு.வி. விளக்குன்னு ஏதோ போட்டிருக்கியாமே, நானும் வாங்கலாமா?" என்று ஒரே வரியில் கேட்டிருக்கிறாய். ஒரே வரியில் பதில் சொன்னால், இப்போதைக்கு வாங்காதே. ஆனால் ஓய்வு பெற்றவனிடம் கேள்வி கேட்டால் ஒரு வரியோடு விடமாட்டான் என்பது உனக்குத் தெரியாதா?

முதலில் வீட்டுச் சேதி. முழங்கால் பரவாயில்லை, படி ஏறும்போது மட்டும் முணுமுணுக்கிறது. மகள் டிசம்பரில் வந்துவிட்டுப் போனாள். பேரன் இந்த முறையும் வந்து இறங்கியதும் பெட்டியைத் திண்ணையில் போட்டுவிட்டு நேராக மீனிடம்தான் ஓடினான், தாத்தா பாட்டியெல்லாம் அப்புறம்தான். இந்தக் குளமே அவன் நச்சரிப்பால் வந்தது. 10 அடி நீளம், 6 அடி அகலம், 3 அடி ஆழம், கணக்குப் போட்டால் 5,000 லிட்டர் சொச்சம். ஆறு கோய் (கலர் கெண்டை), பத்துப் பன்னிரண்டு தங்கமீன்.

வெட்டிய வருஷம் மாசி வரைக்கும் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. பங்குனி வெயில் ஏறியதும் பத்தே நாளில் உன் குளத்து நிறம் வந்துவிட்டது. பாதித் தண்ணீரை இறைத்துவிட்டு போர் தண்ணீரை விட்டேன், அடுத்த வாரமே பழையபடி. ஃபில்டர் ஸ்பாஞ்சைக் கழுவிக் கழுவிப் போட்டேன், வேட்டித் துணியை நாலாய் மடித்துக் கட்டிக்கூடப் பார்த்தேன், பச்சை அதற்குள்ளேயே நுழைந்து போனது. அது ஒற்றைச் செல் பாசி, சேகர். ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குகூட இருக்காது, நம் தலைமயிரின் தடிமனில் ஏழெட்டை வரிசையாக நிறுத்திவிடலாம். துணி எப்படிப் பிடிக்கும்?

அப்போதுதான் கடைக்காரர் இந்த விளக்கைக் கொடுத்தார், மூவாயிரத்துச் சொச்சம் ஆனது. பெரிய வித்தையெல்லாம் இல்லை, உன் சமையலறைச் சுவரில் மாட்டியிருக்கிற வாட்டர் பியூரிஃபையருக்குள் எரிகிறதே, அதே சாதி விளக்கு, கொஞ்சம் பெரிசு, 18 வாட். ஒரு கறுப்பு பிளாஸ்டிக் குழாய், அதன் நடுவில் குவார்ட்ஸ் குழல், அதற்குள் விளக்கு. சாதாரணக் கண்ணாடி இந்தக் கதிரை மறித்துவிடும், அதனால்தான் குவார்ட்ஸ். பம்ப் தள்ளுகிற தண்ணீர் குழலைச் சுற்றி ஓடிக் குளத்துக்குத் திரும்புகிறது. ஓடுகிற அந்தச் சில நொடிகளில் 254 நானோமீட்டர் புற ஊதாக் கதிர் பாசியின் மேல் படுகிறது. செல்லுக்குள் இருக்கிற டி.என்.ஏ.வில் பக்கத்துப் பக்கத்துத் தைமின்கள் (டி.என்.ஏ.வின் நாலு எழுத்துகளில் ஒன்று) இரண்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. அவ்வளவுதான், அதற்குமேல் அந்தச் செல் இரண்டாகப் பிரிய முடியாது. குட்டி போட முடியாத பாசி செத்து, ஒன்றோடொன்று சேர்ந்து திப்பி திப்பியாகிறது. திப்பியான பிறகுதான் ஸ்பாஞ்சுக்கு வேலை. இதெல்லாம் நேற்று வந்த சங்கதியும் இல்லை, பிரான்சில் மார்செய் நகரத்தில் 1910-லேயே குடிநீரை இந்த வெளிச்சத்தில் ஓடவிட்டுப் பார்த்திருக்கிறார்கள்.

மாட்டி ஒரு வாரம் ஆனது, ஒன்றும் நடக்கவில்லை. கடைக்காரர், "தண்ணி வேகமா சுத்தினா சீக்கிரம் தெளியும் சார்" என்று சொல்லி மணிக்கு 4,000 லிட்டர் தள்ளுகிற பம்பைத் தலையில் கட்டியிருந்தார். விளக்குப் பெட்டியின் அடியில் பொடி எழுத்தில் 2,500-க்கு மேல் போகாதே என்று போட்டிருந்ததை நான் படிக்கவே இல்லை. வேகமாக ஓடினால் பாசிக்கு வெயிலில் நாலடி நடந்து வந்த மாதிரிதான், வியர்க்கக்கூடச் செய்யாது. பிளம்பரைக் கூப்பிட்டு குழாயில் ஒரு 'T' ஜாயின்ட் போட்டு, வால்வு வைத்து, மிச்சத் தண்ணீரை விளக்கு வழியாக விடாமல் நேராகக் குளத்தில் விழவைத்தேன். இப்போது இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை குளம் மொத்தமும் விளக்கைச் சுற்றி வருகிற கணக்கு.

வால்வு வைத்த எட்டாம் நாள் காலையில் காபி டம்ளரோடு போய் நிற்கிறேன், அடியில் பேரனின் கோலிக்குண்டு தெரிகிறது! சிவப்புக் கோடு போட்டது, அவன் தொலைத்துவிட்டு அழுதானே அதே குண்டு. மூன்றடி ஆழத்தில் அதன் கோடு வரைக்கும் தெரிந்தது. என் வீட்டுக்காரி மீனாட்சியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இதுக்கா மூவாயிரம்?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஆனால் தெளிவதற்கு முன்னால் ஒரு பாடு பட்டேன், அதை உனக்கு மறைக்கக் கூடாது. நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ விடியற்காலையில் மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. அத்தனை பாசியும் ஒரே நேரத்தில் செத்து அழுகியதில் தண்ணீரில் இருந்த ஆக்சிஜன் காலி. ஏர் பம்பை ஓடவிட்டு, ஹோஸ் பைப்பால் மேலிருந்து தண்ணீரை அடித்து மற்றதைக் காப்பாற்றினேன். பெரிய கோய் ஒன்று போய்விட்டது. பேரனிடம் இன்றுவரை அது "ஊருக்குப் போயிருக்கிறது".

அடுத்த வருஷக் கோடையில் மறுபடியும் பச்சை. விளக்கு நீலமாக எரிந்துகொண்டுதான் இருந்தது, சந்தேகமே வரவில்லை. தீவனத்தைத் திட்டினேன், போர் தண்ணீரைத் திட்டினேன். சங்கதி என்னவென்றால் இந்த விளக்கின் ஆயுசு 9,000 மணி நேரம், ராப்பகலாக எரித்தால் ஒரு வருஷமும் பத்து நாளும். அதற்கப்புறமும் அது எரியும், சேகர், அதுதான் கொடுமை. நம் கண்ணுக்குத் தெரிகிற நீலம் வேறு, பாசியைக் கொல்கிற கதிர் வேறு. அந்தக் கதிர் நமக்குத் தெரியவே தெரியாது. கதிர் பலவீனமாகி நீலம் மட்டும் ஜோராக எரிந்துகொண்டிருந்திருக்கிறது, நம் பழைய ஆபீசில் சிலர் கையெழுத்துப் போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பார்களே, அந்த மாதிரி. போதாததற்குக் குவார்ட்ஸ் குழல் மேல் வெந்நீர் அண்டாவின் உள்பக்கம் போல வெள்ளையாகப் படிந்திருந்தது, எங்கள் போர் தண்ணீரின் உப்பு. நான் பிரஷ்ஷால் தேய்க்கப் போனேன். மீனாட்சி பிடுங்கிக்கொண்டு போய், குத்துவிளக்கு தேய்க்கிற புளியைக் கரைத்து ஊறவைத்தாள். அரை மணியில் பளிச்சென்று வந்தது. இப்போது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அது அவள் டிபார்ட்மென்ட்.

புது விளக்கு வந்த அன்று நான் செய்த முட்டாள்தனத்தையும் கேள். எரிகிறதா என்று பார்க்க, மாட்டுவதற்கு முன்னாலேயே மேஜை மேல் வைத்துச் சுவிட்சைப் போட்டு, நன்றாக எரிகிறதே என்று கிட்டக் குனிந்து இரண்டு மூன்று நிமிஷம் ரசித்துக்கொண்டிருந்தேன். முப்பது வருஷம் மின்வாரியத்தில் குப்பை கொட்டியவன்! ராத்திரி பதினொரு மணிக்குக் கண்ணில் ஆற்று மணலை அள்ளிப் போட்ட மாதிரி ஆனது, திறக்கவும் முடியவில்லை, மூடவும் முடியவில்லை. காலையில் டாக்டர் பார்த்துவிட்டு, "வெல்டிங் வேலையா செய்றீங்க?" என்றார். இரண்டு நாளில் சரியாகிவிட்டது. நீ எப்போதாவது வாங்கினால் பெட்டிக்கு வெளியே அதை எரிக்காதே, எலெக்ட்ரீஷியனிடம் சொல்லி அந்த லைனுக்கு, கரண்டு கசிந்தால் உடனே துண்டிக்கிற ஈ.எல்.சி.பி. போடாமல் தண்ணீர்ப் பக்கமே போகாதே. உள்ளே பாதரசமும் இருக்கிறது, பேரப்பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வை.

இத்தனையும் கேட்டபிறகு நீயே கேட்பாய், உனக்கு நல்லது, எனக்கு மட்டும் ஏன் வேண்டாம் என்று. விளக்கைச் சுற்றி வருகிற பாசியைத்தான் அது தொடும். சுவரில் வழுவழுவென்று ஒட்டியிருப்பதையும், நூல் நூலாகத் தொங்குவதையும் ஒன்றும் செய்யாது. என் குளத்தில் தண்ணீர் தெளிந்ததும் வெயில் அடிவரை இறங்கி நூல்பாசி தாறுமாறாக வளர்ந்துவிட்டது, வாரம் ஒரு நாள் விளக்குமாற்றுக் குச்சியில் சுற்றி எடுக்கிறேன். பாசிக்குச் சாப்பாடு மீன் கழிவும் மிச்சத் தீவனமும், அது அங்கேயேதான் இருக்கிறது, விளக்கு அதைத் தொடுவதே இல்லை. உன் குளம் 8-க்கு 5, இரண்டரை அடி ஆழம், மிஞ்சினால் 2,800 லிட்டர். அதில் முப்பது மீன், நாள் முழுக்க வெயில், மூன்று வேளையும் சோற்றுப் பருக்கை! அங்கே விளக்குப் போடுவது ஒழுகுகிற கூரைக்குக் கீழே குண்டான் வைக்கிற வேலை.

முதலில் ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீரை மொண்டு ராத்திரி முழுக்க வை. அடியில் படிந்து மேலே தெளிந்தால் அது பெரும்பாலும் மண், அதற்கு எந்த விளக்கும் உதவாது. உன் பாட்டி பானையின் உள்பக்கம் தேற்றாங்கொட்டையை உரசிக் கலங்கல் தண்ணீரைத் தெளியவைப்பார்களே, அந்த மாதிரி விவகாரம் அது. காலையிலும் பச்சையாகவே நின்றால் பாசி. படத்தைப் பார்த்தால் பாசிதான், சந்தேகமே இல்லை. சோற்றை நிறுத்து. இரண்டு மூன்று நிமிஷத்தில் தின்று முடிக்கிற அளவு தீவனம், ஒரு வேளை போதும். பாதி மீனை யாருக்காவது கொடுத்துவிடு. தொட்டியில் அல்லி வைத்து இறக்கு, இலை பாதிக் குளத்தை மூடட்டும். அதுவரைக்கும் மேலே நிழல்வலை கட்டு. பக்கத்துக் கடைக்காரர் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) போடச் சொன்னார் என்று எழுதியிருக்கிறாயே, தயவுசெய்து அதை மட்டும் செய்யாதே, அளவு கொஞ்சம் தப்பினாலும் பாசியோடு மீனும் போய்விடும். இரண்டு மாதம் பார். அப்புறமும் தெளியவில்லை என்றால் நானே வந்து விளக்கை மாட்டித் தருகிறேன். கரண்டுக் கணக்கும் சொல்லிவிடுகிறேன்: விளக்கும் 35 வாட் பம்பும் சேர்ந்து இரண்டு மாதத்துக்கு 76 யூனிட். அரசாங்கம் கொடுக்கிற இலவச நூறு யூனிட்டில் முக்கால்வாசியை என் வீட்டில் மீன்கள்தான் அனுபவிக்கின்றன.

இன்னொன்றும் தோன்றியது. நாம் திருவாரூரில் படித்த காலத்தில் கோயில் கமலாலயக் குளத்தில் எத்தனை நாள் உட்கார்ந்திருப்போம். ஒரு நாளாவது அடியைப் பார்த்திருக்கிறோமா? தண்ணீர் பச்சையாகத்தான் கிடந்தது, பொரியை வீசினால் மீன் எங்கிருந்தோ வந்து கவ்விக்கொண்டு போகும், அதில்தான் சந்தோஷமே. பச்சை அளவோடு இருந்தால் மீனுக்கு ஒன்றும் கஷ்டமில்லை, நமக்குத்தான் கோலிக்குண்டு தெரிய வேண்டியிருக்கிறது. லேசான பச்சை என்றால் விட்டுவிடலாம் என்றுகூட நினைக்கிறேன், ஆனால் உன்னுடையது லேசு இல்லை.

தங்கச்சியை விசாரித்ததாகச் சொல். அவர்களுக்குச் சர்க்கரை இப்போது எப்படி இருக்கிறது என்று நீ எழுதவே இல்லை. ஆடியில் இரண்டு பேரும் வருகிறீர்கள் இல்லையா? வரும்போது அங்கே நாட்டு மருந்துக் கடையில் தேற்றாங்கொட்டை கிடைத்தால் ஒரு கைப்பிடி வாங்கி வா, பேரனுக்கு உரசிக் காட்ட வேண்டும், இங்கே நாலு கடையில் கேட்டுவிட்டேன்.

உன்,
பாலு