மரமேறும் கருவிக்கும் எஃப்.சி. தேதி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆனைமலைப் பக்கம் எங்களுக்கு நாலு ஏக்கர் தென்னந்தோப்பு. 45 நாளுக்கு ஒரு வெட்டு. ஆள் கிடைக்காத கஷ்டத்தில் எட்டு வருடத்துக்கு முன்பு மரமேறும் கருவி ஒன்று வாங்கினோம். நின்றபடி மிதித்து ஏறுகிற வகை. காலுக்கு ஒன்றாக இரண்டு இரும்புச் சட்டம், மரத்தைச் சுற்றிப் பிடிக்க இரண்டு கம்பிக் கயிறு. வாங்கிய அன்று வீட்டில் ஆளாளுக்கு ஏறிப் பார்த்தோம். அதோடு சரி, அப்புறம் அதை யாரும் சோதித்ததில்லை.

போன ஆடியில், தோப்புக்கு வழக்கமாக வரும் அண்ணன் பதினைந்து அடி உயரத்தில் இருந்தபோது வலதுபக்கக் கம்பி அறுந்துவிட்டது. விழாமல் பிடிக்கும் இடுப்பு பெல்ட்டோ சாளையில், அதாவது தோப்பு வீட்டில், ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. பாத்தியில் குவித்திருந்த மட்டை மேல் விழுந்ததால் கணுக்கால் எலும்பு முறிவோடு போனது. மூன்று மாதம் வேலைக்குப் போக முடியவில்லை.

அறுந்த கம்பியை எடுத்துப் பார்த்தேன். வழுக்காமலிருக்க அதன் மேல் ரப்பர் குழாய் மாட்டியிருக்கும். வெளியே பார்த்தால் புதுசு மாதிரிதான் இருந்தது. பிளேடால் கீறிப் பிரித்தால் துரு செம்மண் மாதிரி கொட்டியது. இழை ஒன்று கட்டைவிரலில் குத்தி ரத்தம் வந்துவிட்டது. உள்ளே போன மழைத்தண்ணீர் வெளியேற வழியே இல்லை. போதாக்குறைக்கு, இரும்பைச் சீக்கிரம் துருப்பிடிக்க வைக்கும் பொட்டாஷ் உர மூட்டைகளுக்குப் பக்கத்தில்தான் கருவியைச் சாய்த்து வைப்போம். அது எங்கள் தப்பு.

இங்கிலாந்தில் மரம் கவாத்து செய்யும் கம்பெனி ஒன்றில் என் அக்கா பையன் கணக்கு பார்க்கிறான். அங்கே பாரம் தூக்கும் சாதனங்களுக்கு 1998-இல் போட்ட விதி, கிரேனுக்கும் மரமேறுபவரின் கயிறு, பெல்ட்டுக்கும் ஒன்றேயாம். ஆளைத் தாங்குவதால் பொதுவாக ஆறு மாதத்துக்கு ஒருமுறை விஷயம் தெரிந்த ஒருவர் முழுதாகச் சோதித்து எழுதித் தர வேண்டும். ஜெர்மனியிலும் பிரான்சிலும் விழாமல் காக்கும் சாதனங்களுக்கு வருடம் ஒருமுறையாவது சோதனை உண்டு. கயிறும் பெல்ட்டும் ஒரே ஐரோப்பியத் தரத்தில் செய்தவைதான். சோதனைக் கெடு மட்டும் நாட்டுக்கு நாடு மாறுகிறது. தேதி வராவிட்டாலும், ஏறுகிறவர் தினமும் தடவிப் பார்த்துவிட்டுத்தான் ஏறுவாராம்.

இதைச் சொன்னதும் அண்ணன், “வண்டிக்கு எஃப்.சி. பண்றாப்பலைங்களா அம்மிணி?” என்று கேட்டார். அதேதான்.

தென்னை வளர்ச்சி வாரியம் மரமேறப் பயிற்சி தருகிறது, ‘கேரா சுரக்ஷா’ விபத்துக் காப்பீடும் வைத்திருக்கிறது. நல்ல காரியம். நான் கேட்பது விழுவதற்கு முந்தைய சங்கதி. வேளாண் பொறியியல் துறை வைகாசியில் ஒரு நாள், தை மாதத்தில் ஒரு நாள், பொள்ளாச்சி, ஆனைமலை, உடுமலையில் முகாம் போடட்டும். ரப்பரைக் கழற்றிக் கம்பியைப் பார்த்து, தேய்ந்த போல்ட்டை மாற்றி, சட்டத்தில் ஒரு எண்ணும் அடுத்த சோதனைத் தேதியும் அடித்துக் கொடுக்கட்டும். எல்லாம் இலவசமாக வேண்டும் என்று கேட்கவில்லை. கட்டணம் எவ்வளவென்று சொன்னால் கட்டுகிறோம்.

கார்த்திகையில் அண்ணன் மறுபடி வேலைக்கு வந்துவிட்டார். புதுக் கம்பி மாட்டியிருக்கிறோம், மாற்றிய தேதியைச் சட்டத்தில் நானே பெயிண்டில் எழுதியிருக்கிறேன். ஆனால் எத்தனை இழை அறுந்தால் கம்பியைக் கழிக்க வேண்டும் என்பது எனக்கும் தெரியாது, அண்ணனுக்கும் தெரியாது. அதற்குத்தான் ஆள் கேட்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு தென்னை விவசாயி,
ஆனைமலை வட்டம்.