குறுகிய பாதை நல்ல பாதை இல்லை

ஆசிரியருக்கு,

டவர் இல்லாமலே ஒரு கருவியிலிருந்து இன்னொரு கருவிக்குச் செய்தி கைமாறிப் போகும் அட்-ஹாக் நெட்வொர்க் பற்றி உங்கள் ஞாயிறு இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். புயல், வெள்ளத்தின்போது அது எப்படி உதவும் என்று எழுதியதெல்லாம் சரி. ஆனால் கருவிகள் தாங்களாகவே மிகக் குறுகிய பாதையைக் கண்டுபிடித்துக்கொள்ளும் என்று போகிற போக்கில் ஒரு வரி வந்ததே, அங்கேதான் இடிக்கிறது. குறுகிய பாதையைத் தேடிப் பிடித்ததுதான் இந்த நெட்வொர்க்குகளின் பழைய வியாதியே.

2003-இல் இறுதி வடிவம் பெற்ற ஏஓடிவி, ஓஎல்எஸ்ஆர் என்ற பாதை தேடும் நெறிமுறைகள் இரண்டுமே ஹாப் கணக்கை வைத்துத்தான் பாதையை எடைபோட்டன, அதாவது நடுவில் எத்தனை கை மாறுகிறது என்பது மட்டும். கை குறைய வேண்டுமானால் ஒவ்வொரு தாவலும் நீளமாக இருந்தாக வேண்டும், நீளத் தாவல் என்றாலே சிக்னல் ஈனஸ்வரத்தில் வரும் லிங்க், அதாவது இரு கருவிகளுக்கு நடுவே பலவீனமான இணைப்பு. ஆக, இருப்பதிலேயே மோசமான லிங்காகப் பார்த்துப் பொறுக்கிப் பாதை போடுகிறது அந்தக் கணக்கு.

இன்னொரு கூத்தும் உண்டு. பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள ஒவ்வொரு கருவியும் 'ஹலோ' என்று ஒரு சின்ன பாக்கெட்டை எல்லோருக்கும் பொதுவாக வீசும். பழைய 802.11பி வைஃபையில் அப்படி வீசுவது நொடிக்கு 1 அல்லது 2 மெகாபிட் வேகத்தில் போகும், ரொம்ப தூரம் எட்டும். நிஜ டேட்டா 1500 பைட் வரை கனத்து 11 மெகாபிட்டில் கிளம்பும், அவ்வளவு தூரம் எட்டாது. தெருமுனையில் நிற்பவரை 'ஏய்' என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார், அங்கிருந்தே ஒரு விலாசத்தை முழுசாகச் சொன்னால் காதில் விழுமா? ஹலோ வந்துகொண்டே இருப்பதால் பாதை உயிரோடு இருப்பதாகக் கருவி நம்பிக்கொண்டிருக்கும், டேட்டா மட்டும் போய்ச் சேராது. ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தில் ஏஓடிவி-யை நிஜக் கருவிகளில் ஓட்டிப் பார்த்தவர்கள் 2002-இலேயே இதற்குச் சாம்பல் மண்டலம் என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

சரி, சிக்னல் வலுவைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் போதாதா என்பீர்கள். போதாது. அமெரிக்காவில் கேம்பிரிட்ஜ் நகர வீட்டுக் கூரைகளில் எம்ஐடி-காரர்கள் அமைத்த ரூஃப்நெட்டில் அளந்து பார்த்தபோது, சிக்னலை வைத்து எத்தனை பாக்கெட் தொலையும் என்று சரியாகச் சொல்ல முடியவில்லை. முழுசாக வேலை செய்வது, சுத்தமாகச் செய்யாதது என்று லிங்குகள் இரண்டாகப் பிரியவும் இல்லை, பாதி பாக்கெட்டைத் தொலைக்கும் ரகம் நிறையவே இருந்தது.

அதே குழு 2003-இல் கொடுத்ததுதான் இடிஎக்ஸ் என்ற லிங்க் அளவுகோல். நொடிக்கு ஒரு சோதனை பாக்கெட்டை வீசி, கடைசி பத்து நொடியில் எத்தனை வந்தன என்று இரு பக்கமும் எண்ண வேண்டும். போகும் விகிதத்தையும் திரும்பும் விகிதத்தையும் பெருக்கி, ஒன்றை அதால் வகுத்தால் ஒரு பாக்கெட்டுக்குச் சராசரியாக எத்தனை முறை அனுப்ப வேண்டியிருக்கும் என்று தெரிந்துவிடும். வைஃபையில் பாக்கெட் கிடைத்தாலும் 'கிடைத்தது' என்ற பதில் வழியில் தொலைந்தால் மறுபடி அனுப்புவார்கள், அதனால்தான் இரு திசையும் கணக்கில் வருகிறது. நீளமான ஒரே தாவல் இரு திசையிலும் 60 சதவீதம் தேறினால் இடிஎக்ஸ் சுமார் 2.8. தலா 95 சதவீதம் தேறும் இரண்டு தாவல்களைக் கூட்டினால் 2.2 சொச்சம். சுற்றிப் போவதுதான் லாபம்.

பெர்லினில் கூரைக்குக் கூரை வைஃபை போட்ட ஃப்ரைஃபுங்க் தன்னார்வலர்கள் ஓஎல்எஸ்ஆர்-ஐ ஏட்டில் இருந்தபடி ஓட்ட முடியாமல், ஹலோ தொடர்ந்து வருகிறதா, தொலைகிறதா என்று பார்த்து லிங்கை ஏற்கும், தள்ளும் அதன் ஹிஸ்டரிசிஸ் ஏற்பாட்டை அணைத்துவிட்டு இடிஎக்ஸுக்கு மாறியது சும்மா இல்லை.

இடிஎக்ஸிலும் ஓட்டை உண்டு. பத்துக்கு எத்தனை என்று எண்ணினால் 95-க்கும் 100-க்கும் வித்தியாசமே தெரியாது. சோதனை பாக்கெட்டும் சின்னது, மெதுவானது என்பதால் பழைய ஹலோ கோளாறு கொஞ்சம் மிச்சமிருக்கிறது. வேகமான லிங்கையும் மந்தமான லிங்கையும் அது பிரித்துப் பார்க்காது. அதனால்தான் அப்புறம் வந்த அளவுகோல்கள் ஏர்டைமையும் (பாக்கெட் காற்றில் போக எடுக்கும் நேரம்) நிஜ வேகத்தையும் அளக்கப் போயின.

நான் இறுதியாண்டு மாணவர்களின் ப்ராஜெக்டுகளைப் பார்க்கிற வேலையில் இருப்பவன். நெட்வொர்க்கைக் கணினியிலேயே ஓட்டிப் பார்க்கும் என்எஸ்-2 சிமுலேட்டரில் வழக்கமான அமைப்பை மாற்றாமல் ஓட்டினால் 250 மீட்டர் வரை எல்லாம் கிடைக்கும், 251-இல் ஒன்றும் கிடைக்காது. அந்த உலகத்தில் ஹாப் கணக்கு ஜோராக ஜெயிக்கும், மார்க்கும் விழும். இப்போது பத்திரிகையிலும் குறுகிய பாதை என்றே அச்சாகிவிட்டால் இந்தப் பிள்ளைகளிடம் நான் எதைச் சொல்லித் திருத்துவது? தொடரின் அடுத்த பகுதி வருவதாகப் போட்டிருக்கிறீர்கள், அதிலாவது லிங்கை எப்படி அளக்கிறார்கள் என்று இரண்டு பத்தி எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
கோவை வாசகர்